ஒரு சாண் கட்டத்துணி: கெல்ட் மக்களின் நெசவை வீட்டில் நெய்து பார்க்கும் முறை

பண்டைய ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட் மக்களின் பாணியில் நாம் நெய்யப்போவது ஒரு சாண் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள கம்பளித் துணி. நிறம் இரண்டே இரண்டு: வெள்ளை, பழுப்பு. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் கிடைத்த கந்தல்களும், ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் ஊரில் ஒரு காசுப் பானையிலிருந்து எடுத்த துண்டும் இந்த நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். தறி வேண்டாம், மிதிபலகை வேண்டாம். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ரங்கூனில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

எங்களுடையது லுங்கி வியாபாரக் குடும்பம். நெசவை நான் கற்றுக்கொண்டது மாந்தளை பக்கம் அமரபுரத்தில். என் அண்ணன் மகன் ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அத்தை, சீனப் பாலைவனத்துல கிடைச்ச துணியும் கெல்ட் ஜனங்க துணியும் ஒரே கட்டமாம். அப்ப அவங்க சீனா வரைக்கும் போயிருக்காங்கதானே?" என்று கேட்டான். கையில் சட்டத்தைக் கொடுத்து, முதலில் நெய்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்றேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டமும் நூலும்

உள்ளளவு 40 சென்டிமீட்டருக்கு 30 இருக்கும்படி ஒரு மரச்சட்டம் செய்துகொள்ளுங்கள். தச்சுப் பட்டறையில் கழிக்கும் தேக்குத் துண்டுகள் போதும். 30 சென்டிமீட்டர் உள்ள மேல்கட்டையிலும் கீழ்கட்டையிலும் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக 48 ஆணிகள் அடியுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்தால் மரம் பிளந்துவிடும். ஒன்று மேலே, அடுத்தது சற்றுக் கீழே என மாற்றி மாற்றி அடிக்க வேண்டும்.

நூல் ஸ்வெட்டர் பின்னும் நடுத்தரப் பருமன் கம்பளி. நிறத்துக்கு ஐம்பது கிராம் உருண்டை ஒன்று போதும், மிச்சமும் ஆகும். காளியம்மன் கோயில் பக்கத்துத் தெயின்ஜி சந்தையில் 'கம்பளி' என்று கேட்டால் முக்கால்வாசி அக்ரிலிக்தான் கையில் வரும். ஒரு விரற்கடை நூலைக் கொளுத்திப் பாருங்கள். உண்மையான கம்பளி, முடி கருகும் நாற்றம் அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி கெட்டிக் குண்டுமணியாகிவிடும். கற்றுக்கொள்ள அக்ரிலிக்கும் உதவும், ஆனால் நெய்த பிறகு தண்ணீரில் போட்டால் இழைகள் ஒன்றோடொன்று அணையாது. இந்தத் துணிக்கு உயிரே அந்த அணைப்புதான். கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்து நல்ல கம்பளியே வாங்குங்கள்.

முதல் துண்டுக்குச் சாயம் வேண்டாம். ஃபால்கிர்க் துண்டிலும் சாயம் கிடையாது. ஆட்டின் வெள்ளை ரோமமும் கரும்பழுப்பு ரோமமும் சேர்ந்துதான் அதில் கட்டம் ஆகியிருக்கிறது. 1933-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் இருந்த பானையோடு அது கிடைத்தது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கந்தல்தான், ஆனால் ஸ்காட்லாந்தில் கட்டத்துணியின் வரலாற்றைப் பேசத் தொடங்கும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

பாவு போடுதல்

பாவு என்பது நெடுக்கே கட்டும் இழைகள். வெள்ளை நூலின் நுனியைக் கீழே முதல் ஆணியில் முடிந்து, நேர் மேலே உள்ள ஆணியைச் சுற்றிக் கீழே கொண்டுவந்து, அடுத்த ஆணியைச் சுற்றி மறுபடி மேலே ஏற்றுங்கள். ஆணிக்கு இரண்டு இழை வீதம் நான்கு ஆணியில் எட்டு இழை ஆகும். அங்கே நூலை அறுத்து முடிந்துவிட்டு, பழுப்பில் எட்டு இழை. இப்படியே மாற்றி மாற்றிப் போனால் 96 இழைகளில் பன்னிரண்டு பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்.

விறைப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கவேண்டும். உள்ளங்கையைப் பாவின் மேல் வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்காவது தொய்ந்தால் அந்த ஆணியில் ஒரு சிறு குச்சியைச் செருகி இழுத்துக்கொள்ளுங்கள். ஹால்ஸ்டாட் காலத்தில் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். பாவை மேலே ஒரு கட்டையில் தொங்கவிட்டு, அடிநுனிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து மண்குண்டு கட்டுவார்கள், குண்டின் எடையே பாவை விறைப்பாக வைத்திருக்கும். தறி மரம் மக்கிப்போனாலும் சுட்ட மண்குண்டுகள் மக்குவதில்லை. ஐரோப்பாவில் பழைய வீட்டுத் தரைகளைத் தோண்டும்போது அவை வரிசையாகக் கிடைப்பதை வைத்துத்தான் தறி நின்ற இடத்தையே கண்டுபிடிக்கிறார்கள்.

ஊடை: இரண்டு மேல், இரண்டு கீழ்

சாதா நெசவில், குறுக்கே ஓடும் நூலான ஊடை ஒரு இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழும் போகும். நாம் உடுத்தும் லுங்கி அப்படித்தான். இந்தத் துணியில் ஊடை இரண்டு இழைக்கு மேல், இரண்டு இழைக்குக் கீழ். ஒவ்வொரு வரியிலும் ஒரு இழை நகர்ந்து போகும். அந்த நகர்வால்தான் துணியில் சாய்கோடு ஓடுகிறது, ஜீன்ஸில் தெரியுமே, அதுபோல. இதுதான் ட்வில்.

பாவு இழைகளை இடமிருந்து 1, 2, 3, 4 என்று எண்ணி, மறுபடி 1-லிருந்து தொடங்குங்கள். மொட்டை ஊசியில் ஊடையைக் கோத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி: 1, 2-க்கு மேல், 3, 4-க்குக் கீழ்.
இரண்டாம் வரி: 2, 3-க்கு மேல், 4, 1-க்குக் கீழ்.
மூன்றாம் வரி: 3, 4-க்கு மேல், 1, 2-க்குக் கீழ்.
நான்காம் வரி: 4, 1-க்கு மேல், 2, 3-க்குக் கீழ்.

நான்கு முடிந்தால் மறுபடி முதல் வரி. போகும்போதும் திரும்பும்போதும் எண்கள் இடப்பக்கத்திலிருந்தே. வலமிருந்து வரும் வரியில் பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். மேல்கட்டையில் ஆணிகளுக்குப் பக்கத்தில் பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கரையோரத்து இழை சில வரிகளில் ஊடையில் மாட்டாமல் நழுவும். ஆகவே விதி எதுவானாலும், திரும்பும்போது கடைசி இழையைச் சுற்றியே திரும்புங்கள்.

ஊடையை நேர்க்கோடாக இழுத்தால் துணி இடுப்பு ஒடுங்கிப்போகும். சற்று வளைத்துப் போட்டு, முள்கரண்டியால் தட்டி இறக்க வேண்டும். எட்டு வரி வெள்ளை, எட்டு வரி பழுப்பு. எட்டு வரியும் சேர்ந்து சரியாக இரண்டு சென்டிமீட்டர் உயரம் வரவேண்டும். கூடினால் கட்டம் நெட்டையாகும், குறைந்தால் சப்பையாகும். ஓரம் நேரான ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்து, மடிப்பைக் கட்டத்தின் மூலைகளில் வைத்துப் பாருங்கள். மடிப்பு மூலைகளைத் தொட்டுக்கொண்டே போனால் கை சரியாக ஓடுகிறது.

இரண்டு பட்டை ஏறியதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, நெய்ததைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையைக் கடக்கும் இடம் சுத்த வெள்ளை. பழுப்பு பழுப்பைக் கடக்கும் இடம் சுத்தப் பழுப்பு. மற்ற இடங்களில் இரண்டும் கலந்து ஒரு மூன்றாம் நிறம். துணியின் பாதிப் பரப்பு இந்தக் கலப்பு நிறம்தான். இரண்டு நூலில் மூன்று நிறம் கிடைக்கிறது. மூன்று நூல் எடுத்தால் ஆறு, நான்கு எடுத்தால் பத்து. பாவில் கோடு போடத் தெரிந்தவன் ஊடையிலும் அதே கோட்டைப் போட்டால் கட்டம் தானாகவே விழுந்துவிடும். அதை யாரும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. அண்ணன் மகன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

இந்தத் துணி எங்கெங்கே கிடைத்தது

ஹால்ஸ்டாட் ஒரு ஏரிக்கரை ஊர். கி.மு. 800 முதல் 400 வரை அங்கே மலைக்குள் உப்பு வெட்டினார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே, வெண்கலக் காலத்திலும் வெட்டியிருக்கிறார்கள். யோகான் கேயோர்க் ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி 1846 முதல் 1863 வரை அங்கே 980 கல்லறைகளைத் தோண்டினார். கல்லறையில் வாளும் நகையும் கிடைத்தன. துணி பெரும்பாலும் மிஞ்சியது சுரங்கத்துக்குள்தான். கிழிந்த உடைகளை வேலையிடத்தில் கட்டுக்கும் துடைப்புக்கும் பயன்படுத்தி எறிந்திருக்கிறார்கள். உப்பு அவற்றைக் காப்பாற்றி வைத்தது. நீலமும் பச்சையும் மஞ்சளும் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. அந்த நீலம் வோட் என்ற செடியிலிருந்து எடுத்தது. நம் அவுரியில் உள்ள சாயப்பொருள்தான் அதிலும் இருக்கிறது.

ஹால்ஸ்டாட் பண்பாட்டையும் அதற்குப் பின், கி.மு. 450 வாக்கில் எழுந்த லா தேன் பண்பாட்டையும் வைத்துத்தான் பண்டைய கெல்ட் மக்களின் கதையைச் சொல்கிறார்கள். அங்கிருந்து அவர்கள் நாலா திசையிலும் நகர்ந்தார்கள். வட இத்தாலிக்குள் இறங்கினார்கள். கி.மு. 390 வாக்கில் ரோம் நகரைச் சூறையாடினார்கள். கி.மு. 279-ல் கிரேக்கத்தின் தெல்பியைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டே ஒரு பிரிவு ஆசியா மைனருக்குள் நுழைந்து, இன்றைய அங்காரா சுற்றுவட்டாரத்தில் குடியேறியது. கலாத்தியர் என்று பைபிளில் வருகிறவர்கள் அந்த வழியினர். கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர் தியோதோரஸ், கெல்ட் மக்களின் பல நிறச் சட்டைகளையும், குளிருக்குக் கனமாகவும் கோடைக்கு லேசாகவும் நெய்த, நெருக்கமான கட்டங்கள் போட்ட மேலங்கிகளையும் விவரிக்கிறார். கட்டம் கட்டமாகப் பிரித்து நெய்வதைத் தொடங்கியதே கால் நாடுதான் (கெல்ட் மக்கள் வாழ்ந்த இன்றைய பிரான்ஸ் பக்கம்) என்கிறார் ரோமானியர் பிளினி.

பிளினி சொன்னதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். டென்மார்க்கில் ஜட்லாந்தின் ஹுல்ட்ரமோஸ் சதுப்பில் 1879-ல் கிடைத்த பெண்ணின் உடலில் கட்டம் போட்ட பாவாடையும் கழுத்துத் துணியும் இருந்தன. ஸ்வீடனில் கேரும் என்ற இடத்துச் சதுப்பில் கி.மு. 360-க்கும் 100-க்கும் இடைப்பட்ட, பல் பல்லான கட்டம் போட்ட மேலங்கி ஒன்று கிடைத்தது. இரண்டு இடமும் கெல்ட் நாடு அல்ல.

துணி கிடைத்த இடங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: உப்புச் சுரங்கம், சதுப்பு நிலம், காசுப் பானை, பாலைவனம். துணி மக்காத இடத்தில்தான் துணி கிடைத்திருக்கிறது. ரோமில், தெல்பியில், அங்காராவில் அவர்கள் உடுத்தியிருந்ததெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. மோல்மீன் மழையில் நனைந்த கம்பளி ஒரு பருவத்திலேயே பூஞ்சை பூப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே நிலப்படத்தில் துணி கிடைத்த புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்து, இதோ மக்கள் நடந்த பாதை என்று காட்டினால் நம்பாதீர்கள்.

இரண்டாம் துண்டு: நான்கும் நான்கும்

கேரும் மேலங்கியின் வடிவம் வர, அதே சட்டத்தில் பாவை நான்கு வெள்ளை, நான்கு பழுப்பு என்று மாற்றுங்கள், ஊடையும் அப்படியே. நெசவு அதே இரண்டு மேல், இரண்டு கீழ். இப்போது சதுரக் கட்டம் வராது. மூலைகள் கூர்ந்து, பல் பல்லாக ஒரு வடிவம் எழும். கோட் துணியில் பார்த்திருப்பீர்கள். எட்டை நான்காக்கியதுதான் மாற்றம். சாய்கோடு நகரும் வேகமும் நிறம் மாறும் வேகமும் ஒன்றாகிவிடுவதால் இப்படி ஆகிறது. எட்டு வரி முடிந்ததும் அது கண்ணெதிரே எழுந்து நிற்கும்போது வரும் சந்தோஷத்தை நான் சொல்லிப் புரியவைக்க முடியாது.

முறுக்கைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

துணியை ஆராய்கிறவர்கள் நிறத்துக்கு முன்னால் பார்ப்பது நூலின் முறுக்கை. ஒரு நூலை நேராகத் தொங்கவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முறுக்கின் வரி இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே இறங்கினால் இடமுறுக்கு. இடப்பக்கம் கீழிருந்து வலப்பக்கம் மேலே ஏறினால் வலமுறுக்கு. நூலைத் தலைகீழாகப் பிடித்தாலும் இது மாறாது. தக்ளியை (கையால் சுழற்றி நூல் நூற்கும் கதிர்) மேலிருந்து பார்க்கையில் கடிகாரம் சுற்றும் பக்கமாகச் சுழற்றினால் வலமுறுக்கு, எதிர்ப்பக்கமானால் இடமுறுக்கு.

ஹால்ஸ்டாட் கந்தல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வேலைதான். ஒரே நிறத்தில் சில இழைகளை வலமுறுக்காகவும் சில இழைகளை இடமுறுக்காகவும் நூற்று, பட்டை பட்டையாகப் பாவில் வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் இரண்டின் மேலும் வேறு வேறு விதமாகப் பட்டுத் திரும்புவதால், சாயமே இல்லாமல் துணியில் நிழல்கோடு தெரியும். நேரே பார்த்தால் ஒன்றுமில்லை, துணியைக் கொஞ்சம் சாய்த்தால் கோடு எழும், மறுபடி சாய்த்தால் மறையும். சுரங்கத்தில் தூக்கி எறிந்த துணியிலேயே இத்தனை நுணுக்கம் என்றால், கட்டிக்கொண்டு ஊர்வலம் போன துணி எப்படி இருந்திருக்கும்!

தக்ளி வைத்திருப்பவர்கள் பருத்திப் பஞ்சிலேயே இதைச் செய்து பார்க்கலாம். மெய்க்திலா பக்கத்துப் பஞ்சு கிடைத்தால் நல்லது. வலமுறுக்கு எட்டு இழை, இடமுறுக்கு எட்டு இழை என்று பாவு போட்டு, ஊடை முழுக்க ஒரே முறுக்கில் ஓட்டுங்கள். நூற்ற நூலை நனைத்து, சிறு எடை கட்டித் தொங்கவிட்டு உலர்த்திய பிறகே பாவு போடுங்கள். இல்லாவிட்டால் முறுக்கு திரும்பி நூல் சுருண்டுகொள்ளும். வேலை மெதுவாகத்தான் போகும். அவசரப்படுகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

சீனத்துத் துணி

இனி மீதிப் பதில். சீனாவின் சிஞ்சியாங்கில், ஹாமிக்குப் பக்கத்திலுள்ள இடுகாட்டில், ஹால்ஸ்டாட்டின் இரும்புக் காலத் துணிகளைவிடப் பழைய கம்பளிக் கட்டத்துணி கிடைத்தது. அதுவும் ட்வில். நெசவு ஆய்வாளர் எலிசபெத் பார்பர் அதை ஹால்ஸ்டாட் துணியோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் பொதுவான ஒரு பழைய மூலம் இருக்கலாம் என்று வாதிட்டார். அவர் வெறும் கட்டத்தை வைத்துப் பேசவில்லை. கம்பளி, ட்வில், கோடுகளின் அடுக்கு எல்லாம் சேர்ந்து ஒத்துப்போவதைப் பார்த்தார். அது நியாயமான வழி. ஆனால் பொது மூலம் என்பதும், கெல்ட் மக்கள் அங்கே போனார்கள் என்பதும் ஒன்றல்ல. 2021-ல் வெளியான மரபணு ஆய்வு, அதே சிஞ்சியாங்கில் உள்ள தாரிம் படுகையின் மிகப் பழைய 13 உடல்களைச் சோதித்து, அவர்கள் மேற்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் அல்ல, அந்தப் பகுதியின் பழங்குடிகளே என்றது. அந்த உடல்கள் கட்டத்துணிக்குப் பல நூற்றாண்டு முந்தியவை. ஆகையால் அதைக் கொண்டும் கட்டத்துணிக்காரர்கள் யார் என்று முடிவு சொல்ல முடியாது.

துணி ஊர்விட்டு ஊர் போவது இரண்டு விதமாக நடக்கும், இரண்டுமே நம் பக்கத்தில் இருக்கிறது. அமரபுரத்தின் அலைவடிவப் பட்டை, மணிப்பூரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட நெசவாளர்களின் வழி வந்தது என்று சொல்வார்கள். ஊடை நூலை ஓட்டும் சிறு நாடாக்கள் நூற்றுக்கும் மேல் வைத்து நெய்யும் அந்த வேலையைத் துணியைப் பார்த்துக் கற்க முடியாது, கூடவே ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். சென்னைப் பக்கத்துக் கட்டத்துணியின் கதை வேறு. அது கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனதுபோல மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜர் கழிமுகத்துக் கலபாரி மக்கள் அதைத் தங்கள் சடங்குத் துணியாகவே ஆக்கிக்கொண்டார்கள். நெய்தவர்கள் அங்கே குடியேறியதில்லை. கரும்பச்சையும் ஊதாவும் கருப்பும் கலந்த கச்சின் லுங்கியை இன்று ரங்கூனில் யாரும் வாங்கிக் கட்டலாம், கட்டுகிறார்கள்.

எனவே எந்தப் பழந்துணியைப் பார்த்தாலும் இது ஆளோடு வந்த வேலையா, சரக்காக வந்த துணியா, அங்கேயே யாரோ தானாகச் செய்ததா என்று கேளுங்கள். கட்டம் மட்டும் ஒத்துப்போனால் மூன்றும் சாத்தியம். முறுக்கு, இழை நெருக்கம், நெசவு, கரை கட்டிய விதம் இத்தனையும் ஒத்துப்போனால்தான் ஆள் நடந்து வந்ததைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

அவிழ்த்து அலசுதல்

ஊடையிலும் பன்னிரண்டு பட்டை ஏறியதும் நிறுத்திக்கொண்டு, ஆணியிலிருந்து கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மிச்சப் பாவை நான்கு நான்காக முடியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, துணியைக் கசக்காமல் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். இழைகளுக்கு நடுவே தெரியும் சந்துகள் மூடிக்கொள்ளும். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். துணி எல்லாப் பக்கமும் கொஞ்சம் சுருங்கி ஏறக்குறைய ஒரு சாணாக நிற்கும்.

உலர்ந்ததும் அதே நூலில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கட்டி, நூல் வகை, பாவின் முறுக்கு, ஊடையின் முறுக்கு, அலசுவதற்கு முன்னும் பின்னும் சென்டிமீட்டருக்கு எத்தனை இழை, கோட்டின் வரிசை எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் டப்பாவுக்குள் அடைக்காமல், உலர்ந்த வேப்பிலையோடு பருத்தித் துணியில் சுற்றிக் காற்றுப் படும் அலமாரியில் வைத்தால் பூச்சி அண்டாது.

அடுத்த துண்டில் மஞ்சள் சேர்க்க நினைப்பவர்கள் தச்சரிடம் பலாமரத்து உள்வைரத்தின் தூளைக் கேட்டு வாங்குங்கள். இங்கே பிக்குகளின் சீவரத்துக்கு வழிவழியாகச் சாயம் ஏற்றியது அதில்தான். நூறு கிராம் கம்பளிக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் நூலை முதலில் ஊறவைத்து மெல்லச் சூடேற்றி, ஆறவிட்டு, பிறகு தூளைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் போடுங்கள். மஞ்சள்தூள் வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும்.